மஞ்சள் அட்டையும் கண்ட சாட்சியும்

கொலைக்கதை என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர். கற்றோர் அவையிற் பேசத் தகாத பொருள் அஃதென்பது அவர்தம் கருத்து. பழைய மாணவர் விழா மலர்களிலே கல்வியும் சமயமும், கம்பன் கவிநயமும் வள்ளுவன் வாய்மையும், நம் தோட்டப் பாடசாலைகளின் குறைநிறைகளும் ஆராயப்படுதலே மரபு. அம்மரபு இருக்க, இத்தாலியரின் கொலைத் திரைப்படங்களைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணங் கூற நாம் கடமைப்பட்டுள்ளோம். காரணம் இதுவே: அப்படங்களின் உள்ளே ஒரு வினா கிடக்கிறது. 'கண்டவர் சொல்லை யார் கேட்பது?' என்பதே அவ்வினா. உரோமாபுரியின் வீதிகளிலே எழுந்த அவ்வினா பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வாழும் நமக்கு அந்நியமானதன்று. அங்குள்ளோரினும் நமக்கே அது நெருங்கியது என்று கூறினும் மிகையாகாது.

இத்தகைய படங்களைக் குறித்து இரு கட்சியார் வாதிடக் கேட்டிருக்கிறோம். ஒரு கட்சியார், இவை இளைஞரைக் கெடுக்கும் நஞ்சு, தடை செய்தலே தக்கது என்பர். மற்றைக் கட்சியார், இவை வெறும் பொழுதுபோக்கு; இரண்டரை மணி நேரம் அஞ்சி நடுங்கிவிட்டு, வீடு திரும்பித் தேநீர் பருகி உறங்கினால் என்ன குடி முழுகிப் போகும் என்பர். இருசாராரும் ஒன்றிலே உடன்படுகின்றனர். இப்படங்களிலே கத்தியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதே அவ்வுடன்பாடு. நாம் அதனை மறுக்கிறோம். இவ்வகைப் படத்தின் உயிர்நிலை கத்தியன்று, சாட்சியே. கொலையைத் தற்செயலாகக் கண்டுவிட்ட ஒருவர், தாம் கண்டதைப் பிறர் நம்பும்படி செய்ய இயலாமல் தவிக்கும் தவிப்பே அதன் கரு. சாட்சியை எறிந்துவிட்டுக் கத்தியை மட்டும் வைத்துக்கொள்ளும்போதுதான் அது நஞ்சாகிறது.

மஞ்சள் என்னும் பெயர்

இத்தாலிய மொழியிலே 'ஜல்லோ' என்னுஞ் சொல்லுக்கு மஞ்சள் என்பது பொருள். 1929ஆம் ஆண்டில் மிலான் நகரத்து மொண்டடோரி பதிப்பகத்தார் துப்பறியும் நவீனங்களை வரிசையாக வெளியிடத் தொடங்கினர். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை, அமெரிக்கரான எஸ். எஸ். வான் டைன், ஆங்கிலேயரான எட்கர் வாலஸ் முதலியோர் எழுதியவை. அவற்றின் அட்டை மஞ்சள் நிறம். நாளடைவில் அட்டையின் நிறமே கதையின் பெயராயிற்று. நமக்கு மஞ்சள் மங்கலப் பொருள். 'மஞ்சள் பத்திரிகை' என்னுமிடத்து மட்டுமே அது வசைமொழியாகும். இத்தாலியருக்கோ மஞ்சள் என்றால் மர்மம்.

முசோலினியின் பாசிச அரசு இப்புத்தகங்களை விரும்பவில்லை. ஒழுங்கும் கட்டுப்பாடும் நிலவுவதாகப் பறைசாற்றப்படும் நாட்டிலே கொலையும் களவும் நிகழ்வதாக எழுதுதல் அரசுக்கு இழுக்கு என்பது அதன் எண்ணம். 1941ஆம் ஆண்டில் அவ்வரிசை நிறுத்தப்பட்டது. இத்தாலியத் துப்பறியும் நவீனத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அகுஸ்தோ தெ ஆஞ்செலிஸ் என்பார், பாசிசத்துக்கு மாறான கொள்கையர் எனச் சிறைப்பட்டு, விடுதலையான பின்னர்ப் பாசிசவாதி ஒருவனால் தாக்கப்பட்டு 1944இல் உயிர்நீத்தார். வெறும் பொழுதுபோக்குக்கு ஓர் அரசு இத்துணை அஞ்சுவானேன்? குற்றம் இங்கே இல்லை என்று சாதிக்கும் ஆட்சிக்கு, 'குற்றத்தை நான் கண்டேன்' என்று சொல்பவனே முதற் பகைவன். மஞ்சள் அட்டைக் கதைகளிலே அத்தகைய மனிதன் பக்கத்துக்குப் பக்கம் தோன்றினான். அச்சத்தின் காரணம் அதுவேயாகும்.

திரையிலே தோன்றிய சாட்சி

போர் முடிந்தபின் அவ்வரிசை மீண்டும் உயிர்பெற்றது. அதனின்று திரைப்படமும் கிளைத்தது. மரியோ பாவா என்னும் இயக்குநர் 1963ஆம் ஆண்டில் எடுத்த 'அளவுக்கு மீறி அறிந்த பெண்' என்று பொருள்படும் பெயருடைய படத்தையே இவ்வகையின் முதற்படமென ஆய்வாளர் பலர் கொள்வர். அமெரிக்க மங்கை ஒருத்தி கொலைக்கதை ஒன்றைப் படித்தபடியே விமானத்தில் உரோமாபுரிக்கு வருகிறாள். அன்றிரவு அந்நகரத்துப் புகழ்பெற்ற படிக்கட்டின் அருகே, முதுகிற் கத்தி பாய்ந்த ஒரு பெண் வீழ்ந்து மடிவதைக் காண்கிறாள். மறுநாள் அங்கே பிணமும் இல்லை, குருதியும் இல்லை. பொலிஸார் நம்பவில்லை; மருத்துவர் நம்பவில்லை. கொலைக்கதை படித்து மதிமயங்கினாய் என்கின்றனர். கண்டவள் அவள், ஆயினும் தான் கண்டதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவள் தலைமேலேயே விழுகிறது.

1970ஆம் ஆண்டில் டாரியோ ஆர்ஜெந்தோ என்னும் இளைஞர் தம் முதற்படத்தை வெளியிட்டார். 'பளிங்குச் சிறகுடைய பறவை' என அதன் பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். வெளிநாட்டு எழுத்தாளன் ஒருவன் இரவிலே ஓர் ஓவியக்கூடத்தைக் கடந்து செல்கிறான். கண்ணாடிச் சுவரினூடே, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கத்திக்குப் போராடுவதைக் காண்கிறான். உதவ ஓடியவன் இரு கண்ணாடிக் கதவுகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்கிறான். உள்ளேயும் செல்ல இயலாது, வெளியேயும் வர இயலாது. கண்ணாற் காண்பதன்றி அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தான் கண்டதிலே ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்ற உணர்வு படம் முழுவதும் அவனை வருத்துகிறது. இறுதியில் உண்மை வெளிப்படுகிறது: ஆண் தாக்கினான் என்று அவன் எண்ணினான், தாக்கியவள் பெண். கண் பொய்யுரைக்கவில்லை, கண்டதற்கு மனம் கற்பித்த பொருளே பிழை.

அதே இயக்குநர் 1975இல் எடுத்த 'ஆழ்சிவப்பு' என்று பொருள்படும் படத்திலே இக்கருத்து இன்னும் நுட்பம் பெறுகிறது. கொலை நிகழ்ந்த வீட்டுக்குள் ஓடிச் சென்ற இசைக்கலைஞன் ஒருவன், நடைக்கூடத்துச் சுவரிலிருந்த ஓவியம் ஒன்று பின்னர்க் காணாமற் போயிற்று என்று கருதி அதனைத் தேடி அலைகிறான். அஃது ஓவியமன்று, கண்ணாடி. அதில் அவன் கண்டது கொலையாளியின் முகம். முதற்கணத்திலேயே அவன் அனைத்தையும் கண்டுவிட்டான். கண்டதை அறியாதிருந்தான். கறுப்புக் கையுறையும் பளபளக்கும் கத்தியும் மட்டுமே இப்படங்களில் உண்டு என்பார், இவற்றைப் பார்த்தும் பாராதவரே.

இப்படங்களிலே பொலிஸார் ஏன் எப்போதும் மந்தமதியினராகக் காட்டப்படுகின்றனர் என்று சிலர் வினவுவர். அக்காலத்து இத்தாலிய வரலாறு இதற்கு ஓரளவு விடை தரும். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி மிலான் நகரத்து பொந்தானா சதுக்க வங்கியிலே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். பொலிஸார் அராசகக் கொள்கையினரைக் கைது செய்தனர். அவர்களுள் பினெல்லி என்னும் இருப்புப்பாதைத் தொழிலாளர் விசாரணைக்கிடையே பொலிஸ் தலைமையகத்தின் மாடிச் சாளரத்தினின்று வீழ்ந்து இறந்தார். குண்டு வைத்தோர் புதிய பாசிசவாதிகள் எனப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நீதிமன்றங்கள் கண்டன. அரசு சொல்வதை நம்பவியலாத, கண்டவர் சொல் ஏறாத ஒரு நாட்டிலே, 'நானே துப்பறிவேன்' என்று புறப்படும் எளிய சாட்சி மக்கள் மனத்தைக் கவர்ந்தமையில் வியப்பில்லை.

அழுவாரற்ற பிணங்கள்

இனி, குற்றத்தையும் கூறுதல் நடுவுநிலைமை. பாவா 1964இல் எடுத்த மற்றொரு படம் ஆடை அலங்கார நிலையம் ஒன்றிலே நிகழ்வது. முகமற்ற முகமூடியணிந்த ஒருவன் அங்குள்ள அழகியரை ஒருவர் பின் ஒருவராகக் கொல்கிறான். ஒவ்வொரு கொலையும் சிவப்பும் நீலமும் பச்சையுமான ஒளியிலே ஓவியம்போலத் தீட்டப்பட்டுள்ளது. பின்வந்தோர் இவ்வழியையே பெருவழியாக்கினர். பெண்ணின் அச்சம் அழகுப் பொருளாயிற்று. அவள் சாவு வண்ணக் காட்சியாயிற்று. இறந்தவள் யார் பெற்ற மகள், அவளுக்காக அழுதவர் யார், அவள் இல்லாத வீட்டிலே மறுநாள் அடுப்பு எரிந்ததா என்று இவற்றுட் பெரும்பாலான படங்கள் வினவுவதில்லை. ஆர்ஜெந்தோவின் படங்களிலே கொலையாளியின் கையுறையணிந்த கைகள் பெரும்பாலும் இயக்குநரின் சொந்தக் கைகளே என்பது யாவரும் அறிந்த செய்தி. அவர் அதனைப் பெருமையாகக் கொள்ளலாம். நாம் அதனை ஒரு குறிப்பாகவே கொள்கிறோம். இவ்வகைக் கலை எத்தரப்பில் நிற்க விழைகிறது என்பதைக் காட்டும் குறிப்பு அது.

நம் தோட்டங்களிலே மாசி மாதந்தோறும் ஆடப்பட்டுவரும் காமன் கூத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுடைத்து. அதுவும் ஒரு சாவைப் பற்றிய ஆட்டமே. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான். எரிவது ஒரு கணம். அதன்பின் இரதியின் புலம்பலே பெரிது. லயத்து மக்கள் விடியும்வரை விழித்திருந்து கேட்பது அப்புலம்பலையே. எழுத்தறியாத நம் முன்னோர் ஆடிய ஆட்டத்திலே கொன்ற கண்ணைவிட அழுத கண்ணுக்கு இடம் மிகுதி. அழுவாரற்ற பிணம் அவர்கள் அரங்கிலே இல்லை. இத்தாலியப் படங்களும் அவற்றைப் பின்பற்றிய தமிழ்ப்படங்களும் இழந்தது இதனையே.

தமிழிலே நிகழ்ந்தது

தமிழருக்குத் துப்பறியும் கதை நேற்று வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நடேச சாஸ்திரியார் அவ்வகையிற் கைவைத்தார். பின் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் நாவற்பெருக்கை உண்டாக்கினர். தமிழ்வாணனின் சங்கர்லால் ஓயாது தேநீர் அருந்தித் துப்பறிந்தார். அவர் கோப்பையில் இருந்தது எந்த மலைக் கொழுந்து என்று ஆசிரியர் கூறாவிடினும், கொழுந்து பறித்தோரின் பிள்ளைகள் நம் வாசகசாலைகளிலே அவரை விரும்பிப் படித்தனர்.

திரையிலே முதற்பெருமை 1954ஆம் ஆண்டின் 'அந்த நாள்' படத்துக்கே உரியது. எஸ். பாலச்சந்தர் இயக்கிய இப்படத்திலே பாட்டுமில்லை, கூத்துமில்லை. 1943இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய பின்னணியில், வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். சிவாஜி கணேசன் அப்பாத்திரத்தை ஏற்றார். கதாநாயகனே தொடக்கத்தில் மடிந்து வீழும் துணிவு அன்றைய தமிழ்த்திரைக்குப் புதிது. பின்னர் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை உரைக்கின்றனர். ஒவ்வோர் உரையிலும் ஒவ்வொரு கொலையாளி தோன்றுகிறான். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' தந்த தூண்டுதலால் எழுந்த படம் இது. இத்தாலியர் மஞ்சள் படம் எடுப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, சாட்சியத்தின் நிலையாமையைத் தமிழர் திரையிலே கண்டுவிட்டனர் என்று நாம் பெருமை கொள்ளலாம்.

அப்பெருமை நிலைத்ததா? 1967இல் ஏ. சி. திருலோகச்சந்தர் இயக்கிய 'அதே கண்கள்' முகமூடிக் கொலையாளியை வண்ணத்திலே காட்டியது; கண்களே துப்பு என்னும் கருத்து அதன் பெயரிலேயே உண்டு. 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. பெண்களைக் கொன்று தோட்டத்திலே புதைக்கும் செல்வன் ஒருவனை மணந்து, அவன் வீட்டிலேயே உண்மையைக் கண்டுகொள்ளும் மனைவியின் அச்சம் அதன் சிறந்த பகுதி. 1980இல் பாலு மகேந்திரா 'மூடுபனி'யை எடுத்தார். இவர் நம் நாட்டவர். மட்டக்களப்பின் அமிர்தகழியிலே பிறந்தவர். பதுளையினின்று செங்கலடிக்கு இறங்கும் நெடுஞ்சாலையின் அந்தத்துக்கு அண்மையிலே அவர் ஊர் உள்ளது. உதகமண்டலத்துப் பனியிலே ஒரு மனநோயாளனின் தனிமையை அவர் இரக்கத்தோடு காட்டினார். அவனுக்குக் கிடைத்த இரக்கத்தில் ஒரு பங்கேனும் அவன் கையால் இறந்த ஏழைப் பெண்களுக்குக் கிடைத்ததா என்பதே நாம் எழுப்பும் தடை.

1984இல் மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்' நம் பொருளுக்கு மிக அண்மையது. இத்தாலிய இயக்குநர் லூச்சியோ புல்சி 1977இல் எடுத்த மஞ்சள் படம் ஒன்றே இதற்கு மூலம். அம்மூலம் படத்திலே குறிக்கப்படவில்லை. இனி நிகழவிருக்கும் கொலையை ஒரு பெண் மனக்கண்ணாற் காண்கிறாள். சொன்னால் நம்புவாரில்லை. நளினி ஏற்ற அப்பாத்திரத்திலே இத்தாலியக் கதையின் உயிர்நிலை, அதாவது நம்பப்படாத சாட்சி, குறைவின்றித் தமிழுக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் அப்படத்தைப் பற்றி இன்று யாரிடம் கேட்டாலும், சத்யராஜின் மழித்த தலையையும் வட்டக் கண்ணாடியையும் சிவப்பு மேலங்கியையுமே கூறுவர். கொலைஞனின் உடையை நாற்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் நாம், கண்டவளின் பெயரை மறந்துவிட்டோம். படத்தின் குற்றம் பாதி. பார்ப்போரின் குற்றம் பாதி.

இப்படமே தன்னைக் கொலைக்குத் தூண்டிற்று எனக் குற்றவாளி ஒருவன் கூறியதாக அக்காலத்திலே தமிழகத்திற் பேசப்பட்டது. தடை கோரும் கட்சியார் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். இலட்சக்கணக்கானோர் அதே படத்தைப் பார்த்து அமைதியாக வீடு திரும்பினர் என்பதே அதற்கு மறுமொழி. கொன்றவன் தன் குற்றத்தை ஏற்றத் தோள் தேடுவான். படச்சுருள் அதற்கு வாய்ப்பான தோள். தடையினால் ஆவது ஒன்றுமில்லை. கத்தியையும் குருதியையும் வெட்டி நீக்கலாம். ஆனால் சாட்சியின்மீது மதிப்பை எந்தத் தணிக்கைக் கத்தரிக்கோலும் உண்டாக்கித் தராது.

மலையேறி வந்த வழி

இப்படங்கள் நம் மலைகளுக்கு வந்த வரலாறும் சிறிது நினைக்கத்தக்கது. சம்பள நாளை அடுத்த விடுமுறையிலே தோட்டத்து மக்கள் நகரத்துப் படமாளிகைக்கு இறங்கி வருதல் ஒருகாலத்துத் திருவிழா. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொழிற்படத் தொடங்கியபின் இந்தியப் படங்களின் வரவு கட்டுப்பட்டது. அதே காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் சுருங்கிற்று. அவ்விடைவெளியிலே நம் நாட்டுத் தமிழ்ப்படங்கள் சில தலைதூக்கின. 1963இலேயே 'தோட்டக்காரி' தேயிலை மலையைத் திரைக்குக் கொணர்ந்திருந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவரான வீ. பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தார். பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்த தெளிவத்தை ஜோசப் அதற்கு உரையாடல் எழுதினார். 1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்தது, ஒளிநாடாவும் வந்தது. படமாளிகைக்கு இறங்காமலே கொலைப்படம் லயத்துக்கு ஏறி வந்தது. 1983 ஜூலையிலே பதுளைக் கடைவீதி எரிந்ததைக் கண்ட கண்கள், அடுத்த ஆண்டுகளில் 'நூறாவது நாள்' பார்த்தன. திரையில் வந்த கொலையாளி ஈற்றிலே அகப்பட்டான். வீதியில் வந்தவர்கள் அகப்படவில்லை.

லயத்துச் சாட்சி

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. இத்தாலியப் படத்திலே சாட்சி பெரும்பாலும் வழிப்போக்கன்; மாடிவீட்டுக் கதவுகளுக்குப் பின்னே எவர் வாழ்கின்றனர் என்பதை அறியாதவன். நம் லயமோ வேறு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள்; நடுச்சுவர் பல இடங்களிற் கூரைவரை எட்டுவதில்லை. அடுத்த அறையிலே அடி விழுந்தால் இந்த அறையிலே குழந்தை விழிக்கும். அங்கே கண்ணுக்கு முன்பே காது சாட்சியாகிறது. எனவே தோட்டத்திலே 'யார் செய்தார்?' என்பது அரிதாகவே மர்மம். யாவரும் அறிவர். அறிந்ததை யாரிடம், எம்மொழியில், எந்தத் துணிவில் உரைப்பது என்பதே மர்மம்.

அத்துணிவு குன்றியமைக்குக் காரணங்கள் உள. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன்னையே நாட்டவன் எனக் கணக்கெடாத அரசின் முன்னே ஒருவன் 'நான் கண்டேன்' என்று எழுந்து நிற்றல் எளிதோ? குடியிருக்கும் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை தோட்டத்துக்குச் சொந்தம். குற்றஞ் செய்தவன் பெரிய இடத்தவனாயின், சாட்சி சொன்னவன் இழப்பது சாட்சியத்தோடு நில்லாது. குற்றஞ் செய்தவன் அடுத்த அறையானாயின், நாளைக்கும் அதே பீலியிலே இருவரும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

மொழி மற்றொரு சுவர். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987ஆம் ஆண்டின் 13ஆந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1988இன் 16ஆந் திருத்தம் அதனை விரித்துரைத்தது. பொலிஸாருக்கு அளிக்கும் வாக்குமூலம், அளித்தவருக்கு விளங்கும் மொழியிலே எடுத்துரைக்கப்பட வேண்டும் என்பதும் சட்டம். ஏட்டிலே யாவும் உண்டு. நடைமுறையில், தமிழிலே அழுதுகொண்டு கூறியது சிங்களத்திலே சுருங்கி எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத தாளின் அடியிலே பெருவிரல் பதித்து வந்த தாய்மார் எத்தனையோ பேர். ஆர்ஜெந்தோவின் எழுத்தாளன் இரு கண்ணாடிக் கதவுகளுக்கிடையே அகப்பட்ட காட்சியை நாம் மேலே கூறினோம். பொலிஸ் மேசையின் முன்னே நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்நிலையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவவை நாம் மறத்தலாகாது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆந் திகதி, அங்கிருந்த புனர்வாழ்வு நிலையத்திலே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞரை ஒரு கூட்டம் தாக்கி, இருபத்தைந்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அது நள்ளிரவன்று, பகல். அங்கே முகமூடியில்லை, பொலிஸார் உடனிருந்தனர். கண்டவர் ஒருவரல்லர், நூற்றுக்கணக்கானோர். 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உச்ச நீதிமன்றத்திலே தண்டனைகள் நிலைக்கவில்லை. இன்றுவரை அக்கொலைகளுக்காகத் தண்டனை அனுபவிப்பார் எவருமிலர். எந்தக் கொலைப்படமும் இவ்வாறு முடியத் துணிந்ததில்லை. பார்ப்போர் நுழைவுச்சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்பர்.

நாம் வேண்டுவன

ஆகவே நம் முடிபு இதுவாகும். கொலைப்படம் வேண்டா என்பாரோடு நாம் உடன்படோம். சாட்சியை நடுவில் வைத்த கொலைப்படம் நமக்கு மிக வேண்டுவது. அத்தகைய ஒன்றை ஊவாவிலே எடுக்க இயலாதா? பனி மூடிய மலைகளும், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலமும், கைவிடப்பட்ட துரைமார் பங்களாக்களும் அதற்குத் தேவையில்லை. அவை படப்பிடிப்பாளரைக் கவர்ந்து கதையைக் கெடுக்கும். ஒரு லயம், எட்டாத ஒரு நடுச்சுவர், கேட்டதைச் சொல்ல விழையும் ஒரு பெண், அவள் மொழி அறியாத ஒரு மேசை, இவை போதும். தடுத்து வைக்கப்படும் தமிழனின் அச்சத்தைக் 'குடைநிழல்' நவீனத்திலே தெளிவத்தை ஜோசப் எழுதிக் காட்டினார். 2022இல் மறைந்த அவர் காட்டிய வழியிலே திரைக்கதை எழுத இளையோர் முன்வருதல் வேண்டும். வருவோர் காமன் கூத்தையும் ஒருமுறை விழித்திருந்து பார்த்துவிட்டு வருவாராக. இறந்தவளுக்காக ஒருவரேனும் திரையிலே அழுதல் வேண்டும்.

பார்ப்போராகிய நமக்கும் கடமை உண்டு. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் 'கொலையாளி யாரென்று நான் முன்பே கண்டுகொண்டேன்' என்று தற்பெருமை பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. திரையிலே அத்துணைக் கூர்மையாகப் பார்க்கும் நாம், அடுத்த வீட்டிலே அடிபடும் பெண்ணின் குரலுக்கு வானொலியின் ஒலியைக் கூட்டுகிறோம். இது பெரிய முரண்பாடு.

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் சட்டத்தரணிகள் உளர், ஆசிரியர் உளர், இருமொழியும் தேர்ந்த அரச உத்தியோகத்தர் உளர், தோட்டத்துக் கந்தோர்களிலே பணிபுரிந்து ஓய்வுபெற்றோர் பலர் உளர். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காக்க 2015ஆம் ஆண்டிலே முதன்முறையாகத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய சட்டம் ஒன்று உண்டு என்பதையேனும் லயத்திலுள்ளோர் எத்தனை பேர் கேள்வியுற்றுள்ளனர்? அதனை எளிய தமிழிலே எடுத்துரைத்தல் நம்மால் இயலாததன்று. வாக்குமூலம் அளிக்கச் செல்லும் ஒரு தாயோடு பேருந்திலே உடன் சென்று, எழுதப்பட்டதை அவளுக்கு வாசித்துக் காட்டும்படி பணிவோடும் உறுதியோடும் கேட்டு, அதன்பின் கைந்நாட்டிடச் செய்தலும் இயலாததன்று. அதற்கு வேண்டுவது ஒரு முற்பகற் பொழுதும் பேருந்துக் கட்டணமும் சிறிது மனவுறுதியுமே. விழா நிறைவெய்தியபின் நம் சங்கத்தார் கூடும் முதற்கூட்டத்திலேயே, இதற்கென முன்வருவோர் பெயர்களை எழுதத் தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.